ஒளிக்கு வண்ணம் தீட்டிய வீடுகள்

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அதனுள் புகும் ஒளியும் வீட்டைச் சேர்ந்ததே. சுவரை எங்கே எழுப்புவது, கூரையை எதனால் வேய்வது என்று எண்ணிய மனிதன், ஒளியை எவ்வழியாக, எவ்வளவு, எந்த நிறத்தில் உள்ளே விடுவது என்றும் எண்ணத் தொடங்கியபோது, சாளரம் ஒரு கலைப் பொருளாயிற்று. அக்கலையின் ஒரு கிளையாகிய வண்ணக் கண்ணாடி வேலைப்பாடு மேனாட்டுத் தேவாலயங்களில் வளர்ந்தது; பின்னர் இல்லங்களுக்கு வந்தது; முடிவில் கடல் கடந்து நம் நாட்டு அரண்மனைகளையும் மாளிகைகளையும் அடைந்தது. அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். அதைக் காணும்போது ஒரு கேள்வி நம் முன் நிற்கிறது. கண்ணாடி அயல்நாட்டிலிருந்து வந்தது. செய்முறையும் அங்கிருந்தே வந்தது. அப்படியிருக்க, அச்சாளரங்களில் நம்முடையது என்று சொல்லத்தக்கது எது?

முதலில் பெயரைக் கவனிப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சிறிது தொல்லை தருவது. தமிழில் 'கண்ணாடி' என்னும் ஒரே சொல், முகம் பார்ப்பதற்கும், மூக்கில் அணிவதற்கும், சாளரத்தில் பதிப்பதற்கும் பொதுவாக நிற்கிறது. ஆங்கிலத்தில் இவ்வேலைப்பாட்டுக்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ, 'கறையேற்றிய கண்ணாடி' என்று முடியும். கறை என்றால் நமக்கு அழுக்கு. இங்கோ அது அழகு. ஆனால் அப்பெயருக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டுக் கைவினைஞர், வெள்ளியின் உப்புகளைக் கண்ணாடியின் மீது பூசிச் சூளையில் சுட்டால், அது கண்ணாடிக்குள்ளேயே இறங்கி, எலுமிச்சை மஞ்சள் முதல் தேன் நிறம் வரை தரும் என்று கண்டனர். உண்மையில் 'கறை' என்பது இந்த மஞ்சள் ஒன்றுதான். மற்ற நிறங்கள் பூசி வருவன அல்ல. கண்ணாடி உருகிக் கொதிக்கும்போதே அதனுள் கலந்துவிடுவன. கோபால்ட்டு நீலத்தைத் தரும். மாங்கனீசு ஊதாவைத் தரும். செம்பு, உலையின் தன்மைக்கேற்பப் பச்சையையோ சிவப்பையோ தரும். பொன் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு கிடைக்கும். எனவே 'வண்ணக் கண்ணாடி' என்றே நாம் வழங்குவோம்.

இவ்வாறு கண்ணாடிக்கு நிறமேற்றும் வித்தை இந்தியருக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிறக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாதில் வளையல் செய்வோரும் உலோகப் பொருள்களைக் கலந்தே நிறம் வரவழைக்கின்றனர். மணியும் வளையலும் செய்த நாடு, நிறக் கண்ணாடியால் சாளரம் செய்யாதிருந்ததற்குக் காரணம் அறியாமை அன்று, வெயில். குளிர் நாட்டார் காற்றை வெளியே நிறுத்தி ஒளியை மட்டும் உள்ளே அழைக்க வேண்டியிருந்தது. நமக்கோ காற்று வேண்டும். ஒளி சிறிது குறைந்தால் நல்லது. ஆகவே நம் சிற்பிகள் கல்லிலும் மரத்திலும் பலகணி அமைத்தனர். அகமதாபாதில் 1573ஆம் ஆண்டை ஒட்டி முடிவுற்ற சிதி சையத் மசூதியின் கற்பலகணியில், ஒரு மரமும் அதைத் தழுவிய கொடிகளும் கல்லிலேயே வளர்ந்து நிற்கின்றன. நிறத்துக்குப் பதில் நிழலால் ஓவியம் தீட்டிய கலை அது.

மேனாட்டில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் செய்யும் முறை ஏறத்தாழ 900 ஆண்டுகளாக அடிப்படையில் மாறாதது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய துறவி ஒருவர் அதை வரிசையாகக் கூறியுள்ளார். வெண்மை பூசிய பலகையில் சாளரத்தின் முழு அளவுக்குப் படம் வரைய வேண்டும். அப்படத்தின் மீது நிறக் கண்ணாடிகளை வைத்து, கோட்டை ஒட்டித் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். முகம், கை, ஆடை மடிப்பு முதலியவற்றைக் கருநிறக் கலவையால் எழுதிச் சூளையில் சுட வேண்டும். பிறகு, இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டிகளில் துண்டுகளைச் செருகி, மூட்டுகளைப் பற்றாசு வைத்து இணைக்க வேண்டும். அவர் காலத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளந்தனர். பின்னர் வைர முனையும் எஃகுச் சக்கரமும் வந்தன. மாற்றம் அவ்வளவே.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஈயப் பட்டியின் நடுத்தண்டுக்கும் சிறிது கனம் உண்டு. அக்கனத்தைக் கழித்துக்கொண்டே ஒவ்வொரு துண்டையும் வெட்ட வேண்டும். ஒரு துண்டில் அதை மறந்தால் பிழை கண்ணுக்குத் தெரியாது. நூறு துண்டிலும் மறந்தால், முடிந்த சாளரம் சட்டத்துக்குள் நுழையாது. மேலும், ஈயக் கோடு வெறும் இணைப்பு மட்டுமன்று. ஒளியின் எதிரே அது கறுத்துத் தோன்றுவதால், ஓவியத்தின் கோடாகவும் அதுவே அமைகிறது. எனவே கட்டடத்தை அறியாத ஓவியனும், ஓவியத்தை அறியாத கொத்தனும் இவ்வேலையில் தனித்து நிற்க முடியாது.

பல நூற்றாண்டுகள் இக்கலை தேவாலயங்களுக்கே பெரிதும் உரியதாக இருந்தது. பாரிஸ் நகரத்தில் 1248இல் திருநிலைப்படுத்தப்பட்ட சேன்ட் சாப்பெல் ஆலயத்தில், சுவர் மறைந்து கண்ணாடியே சுவராகி நிற்கிறது. இல்லங்களுக்கு இது பெருவழக்காக வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரிட்டனில் கண்ணாடியின் மீதிருந்த தீர்வை 1845இல் நீங்கியது. சாளரங்களை எண்ணி விதித்த வரி 1851இல் ஒழிந்தது. கண்ணாடி மலிந்தது. வில்லியம் மாரிஸ் என்பார் தமக்கென்று கட்டிய 'செவ்வில்லம்' என்ற வீட்டை அழகு செய்யும் முயற்சியிலிருந்தே, 1861இல் அவரும் நண்பர்களும் ஒரு கைவினை நிறுவனம் தொடங்கும் எண்ணம் உருவாயிற்று. அவர்களுள் ஒருவரான எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் வரைந்த படங்கள் அந்த நிறுவனத்தின் சாளரங்களாயின. பிரசல்ஸில் விக்டர் ஹோர்ட்டா கட்டிய வீடுகளிலும், அமெரிக்காவில் லூயி டிஃபனியின் கூடத்தில் செய்த சாளரங்களிலும் இக்கலை கொடியாகவும் பூவாகவும் மலர்ந்தது. வீட்டுக்காரர், கட்டடக் கலைஞர், ஓவியர், கண்ணாடி வினைஞர் ஆகிய நால்வரும் கூடிப் பேசி முடிவு செய்யும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியச் சரக்குகள் இந்தியத் துறைமுகங்களை விரைவில் எட்டின. கண்ணாடியும் வந்தது. வந்த விதத்தை நாம் மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதல் விதம், படமும் கண்ணாடியும் முற்றும் அங்கேயே உருவாகி, இங்கே வந்து பொருத்தப்பட்டது. கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்திலுள்ள மேற்குச் சாளரம் இதற்கு நல்ல சான்று. 1872இல் அந்தமானில் கொலையுண்ட வைசிராய் மேயோ பிரபுவின் நினைவாக, 1880இல் பர்ன்-ஜோன்ஸின் படத்தைக் கொண்டு அமைத்தது அது. வேலைப்பாட்டில் அது உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அதன் கருத்தும் உருவமும் ஆங்கில நாட்டுக்குரியவை. மேற்கு வானத்தின் மாலை வெயில் ஒன்றே அதற்கு வங்காளம் தந்தது.

இரண்டாம் விதம் இதற்கு நேர்மாறானது. கண்ணாடி மட்டும் அங்கிருந்து தகடு தகடாக வந்தது. அமைப்பு இங்கே உருவாயிற்று. அக்காலத்தில் பெல்ஜியம் சாளரக் கண்ணாடியைப் பெருவாரியாக ஏற்றுமதி செய்த நாடு. கொல்கத்தாவின் பழைய மாளிகைகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும், கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் மேலே அரைவட்டமாகவோ நீள்சதுரமாகவோ சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் ஆகிய கண்ணாடிகள் பதிந்திருப்பதைக் காண்கிறோம். அவற்றில் பெரும்பாலும் ஈயப் பட்டி இல்லை. மரச் சட்டமே கோடுகளாக நிற்கும். தச்சர் தம் கைப்பழக்கத்தில் இருந்த பூவிதழையும் விசிறியையும் மரத்தில் இழைத்து, இடைவெளிகளில் நிறக் கண்ணாடியை இருத்தினார். கண்ணாடி அசையாமல் மேலே நிற்க, கீழே மரச் சிறகுக் கதவுகள் காற்றுக்காகத் திறந்து மூடின. மேற்பாதி ஒளிக்கு, கீழ்ப்பாதி காற்றுக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை, வெயில் நாட்டு வீட்டின் தேவையை நன்குணர்ந்து செய்த ஏற்பாடு.

இவ்விதத்திலேயே சேர்த்து எண்ணத்தக்கது சாந்திநிகேதனத்தின் வழிபாட்டு மண்டபம். மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் 1863இல் நிறுவிய ஆசிரமத்தில் 1891இல் எழுந்த அம்மண்டபத்தைச் சுற்றுப்புறத்து மக்கள் கண்ணாடிக் கோயில் என்றே அழைக்கின்றனர். பிரம்ம சமாஜத்தார் உருவ வழிபாடு செய்யாதவர். தேவாலயச் சாளரங்களில் அடியார்களின் உருவங்களைத் தாங்கி நின்ற கண்ணாடி, இங்கே வெறும் நிறமாகவும் ஒளியாகவும் நிற்கிறது. பொருள் ஒன்றே, செய்வித்தவரின் கொள்கை அதை வேறாக்கியது. 2023இல் சாந்திநிகேதனம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

மூன்றாம் விதம், படம் இங்கே பிறந்து, கண்ணாடியாக அங்கே மாறி, மீண்டும் இங்கே வந்து சேர்ந்தது. இதற்கு மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அதன் கதை ஒரு தீயில் தொடங்குகிறது.

1894இல் சாமராஜேந்திர உடையார் மறைந்தார். இளவரசர் கிருஷ்ணராஜர் சிறுவராக இருந்தமையால், அரசி கெம்பநஞ்சம்மணி பொறுப்பாட்சி ஏற்றார். 1897இல் இளவரசி ஜயலக்ஷ்மம்மணியின் திருமணக் கொண்டாட்டத்தின்போது, பெரிதும் மரத்தால் ஆன பழைய அரண்மனையைத் தீ விழுங்கியது. கணவரை இழந்து மூன்றாண்டுகள்கூட நிரம்பாத அரசி, மகளின் திருமண வேளையிலேயே வீட்டையும் இழந்தார். அவ்வாண்டே புதிய அரண்மனைக்கு அடிகோலினார். பணியை ஏற்றவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைசிராய் மாளிகையைக் கட்டியவரும், சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை நிறைவு செய்தவரும் அவரே. 1912இல் அரண்மனை முடிவுற்றபோது செலவு 41,47,913 ரூபாய் என்று கணக்கு காட்டப்பட்டது.

மரம் எரிந்த அனுபவம் கண்முன் நின்றதால், புதிய கட்டடத்தில் கல்லும் செங்கலும் இரும்பும் முதலிடம் பெற்றன. இரும்பு வந்ததால் கண்ணாடிக்கும் வழி பிறந்தது. மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள் உயரமான கூரையைத் தாங்கும். இரும்புச் சட்டங்களின் இடைவெளியைக் கண்ணாடி நிரப்பும். எண்கோண வடிவில் அமைந்த கல்யாண மண்டபத்தின் கூரை இவ்வாறுதான் எழுந்தது. மைசூர்க் கலைஞர்கள் மயில்களையும் மலர்களையும் கணித ஒழுங்கில் வரைந்து தந்தனர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வால்டர் மக்ஃபார்லேன் நிறுவனத்தாரின் சரசென் வார்ப்படச் சாலை, இரும்பையும் கண்ணாடியையும் செய்து அனுப்பியது. அந்நிறுவனம் தன் வார்ப்படங்களுக்குப் பெரிய விலைப்பட்டியல் புத்தகங்களை அச்சிட்டு உலகமெங்கும் பரப்பியிருந்தது. தூணும் கைப்பிடியும் அப்புத்தகத்தைப் பார்த்தே எந்நாட்டினரும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மைசூரின் மயில் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. அதைச் சொல்லித்தான் செய்விக்க வேண்டியிருந்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கிளாஸ்கோவில் கண்ணாடியை வெட்டிய தொழிலாளிக்கு மயில் ஓர் அழகிய பறவை. படம் வரைந்த மைசூர்க் கலைஞருக்கோ அது மழையின் தோழன், முருகன் ஊர்ந்து வரும் வாகனம், மணப்பந்தலின் மங்கலச் சின்னம். அத்தனை பொருளும் கப்பலேறிச் சென்றிருக்க முடியாது. கோடும் நிறமும் மட்டுமே சென்றன. ஆயினும் கோடு பிழையின்றி இருந்ததால், திரும்பி வந்தபோது பொருளும் உடன் வந்து சேர்ந்தது. நல்ல மொழிபெயர்ப்பும் இப்படித்தான் நிகழ்கிறது. தரையில் பதித்த ஓடுகளிலும் மயில் உருவங்களே அமைந்தன. பகலில் கூரை மயிலின் வழியே இறங்கும் ஒளி, தரை மயிலின் மீது படிகிறது. ஒரு திருமணத்தின்போது எரிந்த வீட்டில், திருமணங்களுக்கென்றே எழுந்த மண்டபத்தின் கூரை, தீயைப் போலவே சிவந்தும் பொன்னிறமாகவும் மின்னுகிறது, ஆனால் சுடுவதில்லை. மண்டபச் சுவர்களைத் தசரா ஊர்வலக் காட்சிகள் கொண்ட 26 ஓவியங்கள் பின்னாளில் அழகு செய்தன.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறது. கட்டியவர் ஒருவர், கட்டுவித்தவர் மற்றொருவர். நம் கல்வெட்டுகள் கோயில் எடுப்பித்தவரின் பெயரைச் சிறப்பாகக் கூறுவன. செய்வித்தல் என்பது பணம் கொடுத்தல் மட்டுமன்று. இன்ன இடத்தில், இன்ன ஒளியில், இன்ன பொருள் தோன்ற வேண்டும் என்று மனத்தில் கண்டு, அதைப் பிறர் கைக்கு விளங்கச் சொல்வதே செய்வித்தல். அவ்வாறு சொல்லத் தெரிந்தவருக்கு, அயல்நாட்டுக் கண்ணாடியும் சொந்தமாயிற்று. மைசூர் அரசியும், சாந்திநிகேதனத்தாரும், பெயர் பொறிக்காமல் மறைந்த செட்டிநாட்டுத் தச்சரும் இதில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

ஆனால் சொந்தமானது எளிதில் இழக்கக்கூடியதும் ஆகும். பொதுக் கட்டடங்களின் கண்ணாடியைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. மும்பைப் பல்கலைக்கழகத்தின் நூலகமும் இராஜாபாய் கோபுரமும் 2015இல் முடிவுற்ற திருப்பணியால் புதுப்பொலிவு பெற்றன. அவற்றின் வண்ணச் சாளரங்களும் சீராயின. வீடுகளுக்கு அத்தகைய துணை இல்லை. ஈயம் வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் ஆண்டுகள் செல்லத் தளர்கிறது. கண்ணாடி முன்புறம் புடைக்கிறது. மழைநீர் இடுக்குகளில் புகுகிறது. அதற்குமேல், பாகம் பிரிந்த பழைய வீடுகள் இடிபடும்போது, கதவின் மேலிருந்த கண்ணாடி பழம்பொருள் கடைக்குப் போகிறது. கிழக்கு வெயிலுக்கென்று தேர்ந்த நீலமும் சிவப்பும் மின்விளக்கின் முன் விலைக்கு நிற்கின்றன. கண்ணாடி உடையவில்லை; ஆனால் எந்த ஒளிக்காக அது பிறந்ததோ அந்த ஒளி போய்விட்டது. சரசென் வார்ப்படச் சாலையும் 1960களில் மூடப்பட்டுவிட்டது. அன்று செய்தவரிடம் மீண்டும் கேட்டுப் பெறலாம் என்ற வழி இன்று இல்லை. உள்ளதைக் காப்பதே வழி.

இன்று நம் பெருநகரங்களிலேயே இவ்வேலை செய்யும் கூடங்கள் உள்ளன. படத்தைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியதில்லை. வீட்டுக்கென்று ஒரு வண்ணச் சாளரம் செய்விக்க விரும்புவோர், பழைய வீடுகளிலிருந்து சில பாடங்களைக் கற்றுக்கொள்ளலாம். முதலில் திசையைத் தேர்க. கிழக்கும் மேற்கும் நிறத்தை அறைக்குள் நடக்கவிடும். வடக்கு, ஒரே சீரான மெல்லொளி தரும். காற்று வரும் பகுதியைக் கண்ணாடியால் அடைக்காமல், நம் முன்னோரைப் போல் மேற்பாதியை அதற்கு ஒதுக்குக. நிறங்களை மேசை மீது வைத்துப் பாராமல், எந்தச் சாளரத்துக்கு வேண்டுமோ அங்கேயே, பகல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்க்க. நம் வெயிலில் வெளிறிய நிறங்கள் கரைந்துபோம்; ஆழ்ந்த நிறங்களே நிலைத்து நிற்கும். அளவு எடுக்கும்போது, சட்டம் உண்மையில் சதுரமாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து பார்ப்பது நலம். வேலை முடிந்தபின் முழு அளவுப் படத்தையும், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டுக் கண்ணாடியையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்க. ஐம்பதாண்டுக்குப் பின் ஒரு பந்து பட்டு உடைந்தாலும், பேரப்பிள்ளைகள் அதைப் பழையபடி அமைக்க இவை துணையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன உருவம் வேண்டும் என்பதைத் தாமே எண்ணித் தீர்மானிக்க வேண்டும். விலைப்பட்டியலில் ரோஜாவும் திராட்சைக் கொடியும் எப்போதும் கிடைக்கும். நம் வீட்டு முற்றத்து முருங்கையும், ஊர்க் குளத்து அல்லியும், வயல் வரப்பில் நிற்கும் கொக்கும் கிடைக்கமாட்டா. அவற்றை வேண்டுமென்று கேட்பவர் வேண்டும். கேட்டால், கண்ணாடி தர மறுப்பதில்லை என்பதற்கு மைசூரின் மயில்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சான்று கூறிக்கொண்டிருக்கின்றன.